இலுப்பைப்பூவுக்கு ஐந்து நட்சத்திரம்

அமெரிக்காவில் பெற்றோரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க நேர்பவர்களுக்கு அரசு காட்டும் வழி ‘கேர் கம்பேர்’ இணையதளம். மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் சிஎம்எஸ் அமைப்பு, சுமார் 15,000 இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு அதில் வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் அந்தக் கணக்கை மாற்றினார்கள். அதுவரை கடைசி மூன்று வழக்கமான ஆய்வுகள் கணக்கில் வந்தன. இனி இரண்டு போதுமாம். பழைய ஆய்வு இன்றைய நிலையைக் காட்டாது என்று விளக்கம் வேறு. திரும்பத் திரும்பப் பிடிபடும் இல்லத்தையும் ஒருமுறை சறுக்கிய இல்லத்தையும் பிரித்துக்காட்டுவது அந்தப் பழைய ஆய்வுதானே!

ஆனால், மூன்றா இரண்டா என்பதைவிடப் பெரிய கோளாறு அடித்தளத்திலேயே இருக்கிறது. ஆய்வு மதிப்பெண்ணில் ஒவ்வொரு மாநிலத்திலும் முதல் 10 சதவீத இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திரம். கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று. நடுவில் உள்ளவை மற்ற மூன்று படிகளையும் பங்கிட்டுக்கொள்ளும். இத்தனை எடுத்தால்தான் தேர்ச்சி என்ற வரம்பே கிடையாது. மாநிலத்தின் அத்தனை இல்லங்களும் சீரழிந்து கிடந்தாலும் பத்தில் ஒன்று ஐந்து நட்சத்திரத்தோடு மின்னும். அத்தனையும் திருந்திவிட்டாலும் ஐந்தில் ஒன்றுக்கு ஒற்றை நட்சத்திரம்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதைக் கணக்குச் சூத்திரமாகவே ஆக்கிவிட்டார்கள்.

கன்சாஸ் சிட்டியில் ‘ஸ்டேட் லைன்’ என்றொரு சாலை உண்டு. ஒரு பக்கம் கன்சாஸ், மறுபக்கம் மிசௌரி. எதிரெதிரே இரண்டு இல்லங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்து நான்கு நட்சத்திரம் அந்தப் பக்கத்து மூன்றைவிட மேலானதா? சொல்லவே முடியாது. சாலையைக் கடந்தால் அளவுகோல் மாறிவிடுகிறது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2016-லேயே இந்தக் குறையைச் சொன்னது. மாநிலத்துக்கு மாநிலம் ஆய்வாளர்களின் கண்டிப்பு மாறுபடுவதால்தான் இந்த ஏற்பாடு என்பது அதிகாரிகளின் பதில். அப்படியானால் ஆய்வாளர்களைச் சரிசெய்ய வேண்டியதுதானே?

இந்த ஆய்வு மதிப்பெண்ணின் மேல்தான் மற்றவை ஏறி உட்காருகின்றன. ‘தர அளவீடுகள்’ பிரிவில் ஐந்து எடுத்தால் மொத்தத்தில் ஒரு நட்சத்திரம் கூடும். அந்த அளவீடுகளில் பலவும் இல்லங்களே எழுதித் தருபவை. பரீட்சை எழுதியவன் கையிலேயே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. மனநோய் மருந்து கொடுத்து முதியவர்களை மயக்கத்தில் வைக்கும் இல்லங்களைக் காட்டிக்கொடுக்க ஓர் அளவீடு வைத்தார்கள். மனச்சிதைவு நோயாளிகளுக்கு அதில் விலக்கு உண்டு. விளைவு? 2021-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ கணக்குப்படி, பராமரிப்பு இல்லவாசிகளில் ஒன்பது பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு. வெளியே பொதுமக்களிடம் அது 150 பேரில் ஒருவருக்கு. எண்பது வயதில் இல்லத்தின் வாசற்படியை மிதித்ததும் தொற்றிக்கொள்கிற நோயா அது? இதற்குத் தணிக்கை அறிவிக்கவே 2023 ஜனவரி ஆகிவிட்டது.

தளத்தில் நம்பத்தக்க ஒரே பகுதி, இல்லங்களின் வாய்மொழியை நம்பாத பகுதி. 2018-ல் ஊழியர் எண்ணிக்கையைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். பதிவு பெற்ற செவிலியர் இல்லாத நாள்கள் அம்பலமாயின. சுமார் 1,400 இல்லங்கள் ஊழியர் பிரிவில் ஒற்றை நட்சத்திரத்துக்கு இறங்கின. ஒரே காலாண்டில்!

அந்தப் பதிவேட்டை வைத்து ஓர் ஒழுங்கு கொண்டுவர, இல்லவாசி ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 3.48 மணிநேரப் பராமரிப்பு என 2024-ல் விதி எழுதினார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று இல்ல முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். தருகிற சம்பளத்துக்கு யார் வருவார்? டெக்சாஸ் நீதிமன்றம் விதியை ரத்துசெய்தது. போதாதென்று நாடாளுமன்றமும் 2034 வரை அதை முடக்கிவைத்தது. நட்சத்திரக் கணக்கை மாற்றிய அதே 2025 ஜூலையில்தான்.

ஆகவே, நட்சத்திரங்களை அடியோடு அழித்துவிடலாம். முதல் பக்கத்தில் மூன்று தகவல்கள் போதும்: வார இறுதியில் ஒரு முதியவருக்கு எத்தனை செவிலியர் மணி, ஓராண்டில் எத்தனை ஊழியர்கள் வேலையை விட்டுப் போனார்கள், கடைசி மூன்று ஆய்வுகளில் பிடிபட்டவை என்னென்ன. ஆம், மூன்று. முதல் இரண்டுக்கான விவரம் 2022 முதல் அதே தளத்தில்தான் இருக்கிறது. தேடிப் போய்ச் சொடுக்கினால் கிடைக்கும்.