மூச்சுப் பொறியும் மூச்சின் அளவும்

“பொறியில் இட்டனர், இறந்தார்” என்னும் சொல் 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்திலே பலர் வாயிலும் வழங்கிற்று. கொன்றது நோயா, பொறியா? தமிழாசிரியனாகிய யான் வைத்தியம் பயின்றவனல்லன். எனினும் இவ்வினாவை ஆராயாது விடுத்தல் தகாதெனக் கருதினேன்.

1952இற் கொப்பனேகன் நகரை இளம்பிள்ளைவாதம் வருத்தியபோது, சுவாசந் தளர்ந்த முதல் 31 பேருள் 27 பேர் மாண்டனர். இப்சன் என்னும் வைத்தியர், மூச்சுக்குழலிலே துளையிட்டு, இறப்பர்ப் பையை அழுத்திக் காற்றூட்டும் முறையைக் காட்டினார். மருத்துவ மாணவர் இரவு பகலாக முறைவைத்துக் கையால் அழுத்தினர். இறப்பு ஏறக்குறைய நாலிலொன்றாகக் குறைந்தது. ஆனால், அங்கே கெட்டது தசையின் தொழில். சுவாசப்பை பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. துருத்தி இழுப்பவன் கை சோர்ந்தான், வேறொருவன் இழுத்தான், அவ்வளவே.

வைரசு சுவாசப்பையையே தாக்கும்போது நிலைமை வேறு. சிற்றறைகள் நீர் நிறைந்தும் ஒடுங்கியும் போகின்றன. காற்றில்லாச் சிற்றறைகளைச் சூழ்ந்தோடும் குருதி ஒட்சிசன் பெறாமலே மீளும். எத்துணை ஒட்சிசன் ஊட்டினும் அக்குருதிக்குப் பயன் சிறிதே. திறந்துள்ள பகுதி ஒரு குழந்தையின் சுவாசப்பை அளவினதாய் எஞ்சுதலும் உண்டு. அதனுள் வளர்ந்தோன் மூச்சைத் திணித்தால் நல்ல பகுதியும் மிக விரிந்து சிதையும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று 861 நோயாளரிடத்து இதனைச் சோதித்தது. கிலோகிராம் நிறைக்கு 12 மில்லிலீற்றர் வீதம் மூச்சுப் பெற்றோருள் நூற்றுக்கு 40 பேரளவில் இறந்தனர். 6 மில்லிலீற்றர் பெற்றோருள் 31 பேரே. (ஈண்டு நிறையென்பது உயரத்தைக்கொண்டு கணிப்பது, உடல் பருத்தாற் சுவாசப்பை பருப்பதில்லை.) வியப்பு யாதெனில், முதல் நாட்களிலே குருதியில் ஒட்சிசன் சிறந்திருந்தது பெரிய மூச்சுப் பெற்றவர்க்கே! கண்ணுக்குத் தெரிந்த நன்மை உள்ளே நிகழ்ந்த கேட்டை மறைத்தது.

ஆகவே பொறி கொல்லக்கூடும் என்பதை நான் மறுக்கேன். ஆனால், அது அளவு தவறிய பொறி. பொறியில் இடப்பட்டோர் முன்னரே கடுநோயுற்றோர் என்பதையும் மறத்தலாகாது.

கோவிட் நோயில் ஒட்சிசன் மிகக் குறைந்தும் சுவாசப்பை விறைக்காதிருப்பதைக் கண்ட இத்தாலியப் பேராசிரியர் கத்தினோனி, இது வேறு வகையோ என்றார். பிறர் மறுத்தனர். பின்னர்ப் பல வைத்தியசாலைகளில் அளந்தபோது, பழைய நோயின் வீச்சுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிற்று. பெயரைப்பற்றிய அவ்வழக்கிலும், ஒவ்வொருவர் சுவாசப்பையையும் தனித்தனி அளந்து பொறியை அமைத்தலே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

குப்புறக் கிடத்தும் முறையும் அத்தகையதே. 2013இல் வெளிவந்த பிரான்சிய ஆய்வில், கடுநோயாளரை நாடோறும் பதினாறு மணிநேரமேனும் அவ்வாறு கிடத்தியபோது, இருபத்தெட்டு நாளில் இறப்பு நூற்றுக்கு 33 இலிருந்து 16 ஆயிற்று. முதுகுப்புறச் சிற்றறைகள் திறக்கின்றன. குருதியும் அங்கே மிகுதியாகச் செல்கின்றது. குழாய் கழலாது நோயாளியைப் புரட்டுவது தாதியர் கை. 2020இல் அரசுகள் பொறிகளை எண்ணிய அளவு அக்கைகளை எண்ணினவா?

எம் பழைய மாணவருள் வைத்தியராயுள்ளோர்க்கு ஒரு விண்ணப்பம். நோயாளி ஏன் குப்புறக் கிடக்கின்றார், மூச்சு ஏன் சிறிதாக விடப்படுகின்றது என்பவற்றை வாயிலில் நிற்கும் தாய்க்கும் மனைவிக்கும் விளங்கு தமிழிலே சொல்லுங்கள். சொற்கள் வேண்டுமாயின் எம்மைக் கேளுங்கள்.