பகிடி உடுப்பில் இல்லை

அண்மையில் நண்பர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில் எடி இஸாட் பற்றிய பேச்சு எழுந்தது. “பெண் உடுப்புப் போட்டு ஆட்களைச் சிரிக்க வைக்கிற வெள்ளைக்காரன்தானே” என்று ஒருவர் ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தனர். அந்த ஒரு வரிக்குள் மூன்று தவறுகள் உள்ளன.

முதலாவது, உடுப்புத்தான் அவரது மூலதனம் என்பது. 1962 இல் ஏடனில் பிறந்த இஸாட், ஆறு வயதில் தாயை இழந்தவர். ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிப்பை இடைநடுவில் கைவிட்டு, லண்டன் கொவன்ற் கார்டன் தெருவில் வித்தை காட்டித் தொழில் பழகியவர். 1991 இல் எடின்பரோ விழாவின் பெரியர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். இவ்வாறு பெயர் பெற்ற பின்னரே பாவாடையும் உதட்டுச்சாயமும் அவருடன் மேடையேறின. தேடிய பெயரைப் பணயம் வைத்து ஒருவர் தம்மை வெளிப்படுத்துவதை வியாபாரத் தந்திரம் என்பது எந்தக் கணக்கில் சேரும்?

இரண்டாவது, உடுப்பைப் பார்த்தே மக்கள் சிரிக்கிறார்கள் என்பது. 1998 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒளிப்பதிவான ‘ட்ரெஸ்ட் டு கில்’ நிகழ்ச்சியைப் பாருங்கள். கொடியொன்றை நட்டுவிட்டு இந்தியா எமக்கே சொந்தம் என்ற பிரித்தானியரின் ஆணவத்தை அவர் அதில் கிழித்துத் தோரணம் கட்டுகிறார். அந்தக் கொடியின் கீழ் ஒன்றரை நூற்றாண்டு இருந்த எமக்கு அந்தச் சிரிப்பின் சுவை நன்றாகவே புரியும். அந்நிகழ்ச்சிக்கு 2000 இல் இரண்டு எமி விருதுகள் கிடைத்தன. பின்னர் பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானிய மொழிகளிலும் அவர் மேடையேறினார். பிறமொழியில் ஒரு பகிடி சொல்லிப் பாருங்கள், அதன் கஷ்டம் தெரியும். உடுப்பே சிரிப்பை வரவழைக்குமாயின் மொழி கற்கும் சிரமம் அவருக்கு எதற்கு?

மூன்றாவது தவறு, ‘வெள்ளைக்காரன்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தில் இருக்கிறது. தம்மைப் பெண்பாலில் குறிப்பிடுவதையே விரும்புவதாக 2020 இல் இஸாட் கூறியபோது, எந்தப் பிரதிப்பெயரை எழுதுவது என்று ஆங்கிலத்தில் பெரும் விவாதமே நடந்தது. 2023 இல் சூசி என்ற பெயரையும் அவர் சேர்த்துக்கொண்டார். தமிழில் எழுதுபவருக்கு இதில் என்ன சிக்கல்? ‘அவர்’ என்ற சொல் எமது மொழியில் எப்போதோ தயாராக இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது, மரியாதையும் உடையது. அத்தகைய சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே ‘அவன்’ என்றும் ‘அது’ என்றும் எழுதியவர்கள் நாங்கள்.

நாங்கள் என்று சொல்வதில் என்னையும் சேர்த்தே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னர், இரவுக் கடமையில் இருந்தபோது, மேடைக் கலைஞரான திருநங்கை ஒருவரைப் பற்றிய செய்தி என் மேசைக்கு வந்தது. கேலியாக ஒரு தலைப்பிட்டு, செய்தி முழுவதும் ‘அவன்’ என்று எழுதி அனுப்பினேன். சக ஆசிரியர்கள் ரசித்தனர். ஒரு கண்டனக் கடிதம்கூட வரவில்லை. அதுவே இன்று என்னை உறுத்துகிறது.

“நகைச்சுவைக்கும் வேலி போடுவதா?” என்று கேட்பீர்கள். வேலி வேண்டாம். எவரையும் கேலி செய்யுங்கள். ஆனால் திருநங்கை ஒருவர் திரையில் வந்து நின்றாலே போதும், சிரிப்பு வரும் என்று நம்பும் எமது சினிமா நகைச்சுவையில் கேலி எங்கே இருக்கிறது? சிந்திக்கச் சோம்பல்படுபவர் சுதந்திரத்தின் பெயரால் ஒளிந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

மயான காண்டத்தில் பெண் வேடமிட்ட ஆணைச் சந்திரமதியாகவே கண்டு விடியும்வரை அழுத ஊர்கள் எமது ஊர்கள். வேடத்துக்கு அழுதோம், வேடம் இன்றி அவ்வாறே வாழ முனைந்தவரைக் கல்லால் எறிந்தோம். பாத்திரத்துக்குக் கொடுத்த மரியாதையை மனிதருக்குக் கொடுக்க எமக்கு இன்னும் எத்தனை காலம் வேண்டும்?

தமிழில் எழுதும் இளைய நண்பர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். உங்கள் மேசைக்கும் அத்தகைய செய்தி வரும். ‘ன்’ என்று முடிக்கப் பேனா தயாராகும். அங்கே ஒரு ‘ர்’ போடுங்கள். அன்று நான் போடாத எழுத்து அது.