தொடுதிரை ரிமோட்டின் பழுதும் பழுதுபார்க்கும் உரிமையும்

கன்னடத்தில் ‘துரஸ்தி’ என்றொரு சொல் உண்டு. பாரசீக வழி வந்த அச்சொல் ஒன்றைச் சரியான நிலைக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும். தமிழோ ‘பழுதுபார்த்தல்’ என்கிறது. வைத்தியம் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது போல இங்கும் ‘பார்’ என்பது கண்ணால் காண்பதை மட்டும் சுட்டவில்லை; அருகிருந்து கவனிப்பதையும் சேர்த்தே சுட்டுகிறது. பெங்களூருவின் அடுக்ககங்களில் இன்று பெரிதும் அருகிவருவது இந்தக் கவனிப்புதான். தொலைக்காட்சி, செட்-டாப் பாக்ஸ், ஒலிபெருக்கி, குளிர்சாதனம் அனைத்தையும் ஒன்றே இயக்கும் தொடுதிரை ரிமோட், விரலுக்கு மறுமொழி தராத நாளன்று இழுப்பறைக்குள் போகிறது. சில மாதங்கள் கழித்து அங்கிருந்து குப்பைக்கு.

பெரும்பாலான நேரங்களில் பழுதானது ரிமோட் அன்று, அதன் ஒரே ஒரு படலம். இதைச் சோதிப்பது எளிது. ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து, திரைக்கு வெளியே உள்ள பொத்தான் ஒன்றை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல கேமராக்களில் வெளிர் ஊதாவாக மின்னும். மின்னினால் அனுப்பும் பகுதி நலமாக உள்ளது. குறை தொடுதலை உணரும் பகுதியில் மட்டுமே.

அப்பகுதி இருவகைப்படும். 1998-இல் பிலிப்ஸ் வெளியிட்ட புரோன்டோ முதலான பழைய ரிமோட்டுகளில் இருப்பது அழுத்தத்தை உணரும் திரை. மின்கடத்தும் பூச்சுடைய இரு மென்படலங்கள் நுண்புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருக்கும். விரல் அழுத்தும் இடத்தில் அவை ஒன்றையொன்று தொடும். பூச்சு தேய்ந்தாலோ படலம் உப்பினாலோ ஒலியளவைத் தொட, அலைவரிசை மாறும். அளவுத்திருத்தத்துக்குப் பணியாதபோதுதான் இவ்வகைத் திரையை மாற்ற வேண்டும். பின்னர் வந்தவை கைப்பேசி போல விரலின் மின்னூட்டத்தை உணர்பவை. இவற்றில் திரை தானாகவே தொடுதல்களைப் பதிவுசெய்யத் தொடங்கினால், திரையைக் குறைகூறும் முன் பின்னாலுள்ள பேட்டரியைப் பார்ப்பது நல்லது. வீங்கிய லித்தியம் பேட்டரி திரையை உள்ளிருந்து நெருக்கும். அதைக் குத்தவோ வளைக்கவோ கூடாது; மின்கழிவு சேகரிப்பிடத்தில் கொடுத்துவிட வேண்டும். இரு வகையிலுமே திரையையும் மின்பலகையையும் இணைக்கும் பட்டைக் கம்பி தளர்ந்திருக்கக் கூடும். பேட்டரியைக் கழற்றிய பின் அப்பட்டையை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலர்ந்ததும் மீண்டும் பொருத்தினாலே சில திரைகள் உயிர்பெற்றுவிடும். சிறு திருப்புளியும் பொறுமையும் இருந்தால் வீட்டு மேசையிலேயே முடியும் வேலை இது.

திரையையே மாற்ற வேண்டியிருந்தாலும் இந்நகரில் வழியில்லாமல் இல்லை. எஸ்.பி. ரோட்டின் கடைகளில் மின்னணு உதிரிபாகங்கள் சில்லறையாகக் கிடைக்கும்; அளவும் இணைப்பு முனைகளின் எண்ணிக்கையும் பொருந்தினால் போதும். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’ முயற்சி 2015-இல் பெங்களூருவுக்கும் வந்தது. உடைந்த பொருளை எடுத்துவருவோர் தன்னார்வலருடன் அமர்ந்து தாமே பழுதுபார்க்கும் இடம் அது. கையும் கடையும் கற்பிப்போரும் இருக்கும் நகரில் ஒரு ரிமோட் ஏன் குப்பைக்குப் போகிறது?

அதன் நினைவு வீட்டில் இல்லை என்பதும் ஒரு காரணம். லாஜிடெக்கின் ஹார்மனி ரிமோட்டுகளை அமைக்க அந்நிறுவனத்தின் இணையச் சேவையகம் தேவை. எந்தத் தொலைக்காட்சிக்கு எந்தக் குறியீடு என்ற தரவுத்தளம் அங்குதான் இருக்கிறது. 2021 ஏப்ரலில் நிறுவனம் ஹார்மனி உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மென்பொருள் ஆதரவு தொடரும் என்றும் சொன்னது. சொன்னவரை நல்லதுதான், எனினும் அது வாக்குறுதியே, வாங்கியவரின் உரிமை அன்று. சேவையகம் அணைந்தால், திரையை எவ்வளவு நேர்த்தியாகச் சீராக்கியிருந்தாலும் அதில் புதிய கருவி ஒன்றைச் சேர்ப்பது அரிதாகிவிடும். புரோன்டோவின் கதை வேறு. அதன் அமைப்புகள் பயனரின் கணினியிலேயே கோப்புகளாக இருந்தன. பிலிப்ஸ் அந்த ரிமோட்டைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் ‘புரோன்டோ ஹெக்ஸ்’ என்ற குறியீட்டு வடிவம் ஆர்வலர்களிடையே பொது மொழியாகப் புழங்குகிறது. பேசுவோரிடம் விட்டுவைத்த மொழி பிழைத்துக்கொண்டது எனலாம்.

இந்தியாவின் பழுதுபார்க்கும் உரிமை விவாதம் இவ்வேறுபாட்டை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் நிதி கரே தலைமையில் குழு அமைத்தது; அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் உள்ளன. பழுதுபார்ப்பு எளிமையைக் குறியீட்டெண்ணால் அளக்க 2024-இல் அமைந்த மற்றொரு குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. பிரித்தெடுக்கும் எளிமை, உதிரிபாகம், பழுதுபார்ப்புத் தகவல், மென்பொருள் புதுப்பிப்பு ஆகியவற்றை அது கணக்கில் கொள்வது பாராட்டுக்குரியது. ஆனால் முதல் கட்டம் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே. ரிமோட் போன்ற சிறுபொருளின் முறை எப்போது வருமோ!

பெரிய பொருளுக்கே முன்னுரிமை என்பது நிர்வாகக் கணக்கில் நியாயமாகத் தோன்றலாம். வீட்டின் கணக்கு வேறு. கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர் ஐந்து ரிமோட்டுகளைக் கைவிட்டு ஒன்றைப் பழகிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகின்றன. அந்த ஒன்று போனால் அவர் செய்தி கேட்கவும் மற்றொருவரை அழைக்க வேண்டியிருக்கும். ஆகவே கோர வேண்டியது உதிரிபாகம் மட்டுமன்று. ஒரு பொருளின் உற்பத்தியை நிறுத்தும் நாளிலேயே அதன் பழுதுபார்ப்புக் கையேடு, குறியீட்டுத் தரவுத்தளம், சேவையகமின்றி அமைப்பதற்கான மென்பொருள் ஆகிய மூன்றையும் நிறுவனம் பொதுவில் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். கையேடு கன்னடத்திலும் தமிழிலும் இருந்தால் எஸ்.பி. ரோட்டில் அதைப் படிக்க ஆள் உண்டு.