58 வயதுக்குப் பின் எந்தக் கூரை?

தோட்டத்தில் ஒரு தொழிலாளி ஓய்வு பெறும் நாளன்று மஸ்டர் கூடும் இடத்தில் மாலை போடுகிறார்கள். டீயும் மிக்சரும் வருகின்றன. துரையோ, துரை அனுப்பிய ஆளோ இரண்டு நல்ல வார்த்தை சொல்கிறார். எல்லாம் முடிந்து அந்த அம்மாள் மாலையும் கையுமாக லயத்துக்குத் திரும்புகிறார். அன்று இரவு அவர் படுக்கப் போகும் அந்த அறையில் மறுநாளும் இருக்க அவருக்கு உரிமை உண்டா? இல்லை!

தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய், தொழிலிடப் பாதுகாப்பு பற்றிய தொகுப்புச் சட்டம் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. பழையதானாலும் புதியதானாலும் வீடு என்பது வேலை செய்கிறவருக்குத்தான். வேலை செய்தவருக்கு அல்ல. நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர் ஒரே நாளில் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குப் போய்விடுகிறார்.

"எங்கே போய் இருக்கப் போறீங்க?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் சட்டென்று சொல்லும் பதில், "ஊருக்குத்தான்." எந்த ஊர்? தாத்தா கங்காணி பின்னால் மலையேறி வந்த கோவில்பட்டிப் பக்கமா, சங்கரன்கோவில் பக்கமா? அங்கே குலதெய்வக் கோயில் இருக்கிறது, கொடைக்குப் போனால் கூப்பிட்டுச் சோறு போடும் பங்காளி இருக்கிறார். ஆனால் ஒரு சென்ட் மனை? 1956 நவம்பர் 1-இல் எல்லைக்கோடு போட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன, சித்தூரும் அப்படியே. கோடு எங்கே விழுந்தாலும் நம் பெயரில் நிலம் எந்தப் பக்கமும் இல்லை.

இங்கே பெரும்பாலோர் கண்டுபிடித்திருக்கும் வழி ஒன்று உண்டு. அம்மா ஓய்வு பெறுமுன் மகனையோ மருமகளையோ தோட்டத்தில் பேர் பதித்துவிடுவது. வீடு அவர்கள் கணக்குக்கு மாறும். பெரியவர்கள் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளலாம். இதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வேறு போக்கிடம் இல்லாதவர்கள் செய்வது இது. ஆனால் இதற்குக் கொடுக்கும் விலையைச் சொல்லாமல் இருப்பதும் சரியல்ல. எர்ணாகுளத்திலோ கோவையிலோ திருப்பூரிலோ ஒரு வேலையில் நின்றிருக்க வேண்டிய பையன், அப்பனும் ஆத்தாளும் தெருவில் நிற்கக்கூடாதே என்று பாதிப் படிப்போடு மலைக்குத் திரும்பி மருந்தடிக்கும் பம்பைத் தோளில் மாட்டுகிறான். தாத்தா வேலைக்காக லயத்தில் இருந்தார். பேரன் லயத்துக்காக வேலையில் இருக்கிறான்! 2015 செப்டம்பரில் மூணாறு வீதியை மறித்து உட்கார்ந்த நம் பெண்கள் போனசையும் கூலியையும் மட்டுமல்ல, ஒழுகும் லயத்தையும் பற்றித்தான் பேசினார்கள். நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. வீட்டுப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

ஆகவே 58 வயதுக்குப் பின் எங்கே இருப்பது என்பதைப் பெரியவர்களின் சொந்த விஷயம் என்று விட்டுவிட முடியாது. பேரப்பிள்ளை எங்கே நிற்கப் போகிறான் என்பதும் அதிலேதான் முடிவாகிறது.

இனி பணத்துக்கு வருவோம். கிராஜுவிட்டி என்பது ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் கூலி. 30 வருஷம் என்றால் 450 நாள் கூலி. நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,02,500 ரூபாய். இதுவும் சேமநல நிதியும்தான் ஒரு ஆயுளின் மொத்தக் கையிருப்பு. வேலை முடிந்து 30 நாளுக்குள் கிராஜுவிட்டியைக் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேர வேண்டும் என்பது சட்டம். நடப்பது என்ன? "முதலில் வீட்டுச் சாவி, பிறகு செக்" என்று பல இடங்களில் சொல்கிறார்கள். பணம் வந்தால்தான் மனை வாங்க முடியும். மனை இருந்தால்தான் லயத்தைக் காலி செய்ய முடியும். காலி செய்தால்தான் பணம் வரும்! இந்தச் சுழலில் சிக்கி வாடகை வீட்டுக்கு இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு டிவிஷனிலும் இருப்பவர்களுக்குத் தெரியும். கிராஜுவிட்டியை நிறுத்த எவை காரணமாகலாம் என்று சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது: நிர்வாகத்தின் சொத்துக்குச் சேதம், வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் ஆகியவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தால். வீட்டைக் காலி செய்யாதது அந்த வரிசையில் இல்லை. பொதுத்துறைக் குடியிருப்பில் தண்ட வாடகையைக் கழிக்கலாம் என்று ஒரு தீர்ப்பும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறோம். ஆனாலும் முழுத் தொகையையும் பூட்டி வைக்கும் வழக்கத்தை வாய்மூடி ஏற்க வேண்டியதில்லை. எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அந்தப் பணத்தைக் கல்யாணத்துக்கும் கடனுக்கும் கொடுத்துவிட்டுப் பிறகு மனை தேடுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை; சொன்னால் வீட்டுக்கு வீடு சண்டை வரும். மனைதான் முதல் செலவாக இருக்க வேண்டும். பத்திரம் வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். கொழுந்து கிள்ளிய கை அவருடையது. தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மிகாத சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் சலுகை வந்தது.

மலையிலேயே மனை வாங்க நினைப்பவர்கள் ஒன்றுக்குப் பத்து முறை யோசிக்க வேண்டும். வெள்ளைப் பேப்பரில் எழுதிக் கைமாறும் இடங்கள் இங்கே ஏராளம். பஞ்சாயத்து வீட்டுவரி ரசீதையும் கரண்டு பில்லையும் காட்டி, "இதுதான் பட்டயம் மாதிரி" என்பார்கள். மாதிரி என்பது பட்டயம் ஆகாது! மூணாறைச் சுற்றியுள்ள கிராமங்களில் பட்டயம் இருந்தாலும் வீடு கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று கேட்கிறார்கள். நெல்லியாம்பதியில் குத்தகை விதி மீறியதாகச் சொல்லி வனத்துறை தோட்டங்களைத் திரும்ப எடுத்ததும், வழக்குகள் நடந்ததும் நாம் பார்த்ததே. முதலாளியின் கையிலேயே நிற்காத நிலம், அவர் கணக்குப்பிள்ளை விற்ற மூன்று சென்டில் நமக்கு நிற்குமா?

பாலக்காட்டுச் சமவெளிக்கு இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொழிஞ்சாம்பாறை, முதலமடை, கொல்லங்கோடு பக்கம் தமிழ் பேசி வாழலாம், கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் பஸ் இருக்கிறது என்பதெல்லாம் சரி. ஆனால் பத்திரத்தில் "நிலம்" என்று எழுதியிருந்தால் உஷார்! நமக்கு நிலம் என்றால் எல்லா பூமியும்தான். கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல்வயல். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி அதை மண் போட்டு நிரப்பி வீடு கட்டத் தடை உண்டு. விலக்கு வாங்க அலைந்தே செருப்புத் தேயும். "புரயிடம்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விலை மலிவாய் இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிற இடத்தில்தான் இந்த ஒரு சொல் ஒளிந்திருக்கும். கரம் கட்டிய ரசீதையும் பாத்யதா சர்ட்டிபிகேட்டையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

போடிக்கும் கம்பத்துக்கும் இறங்குவதில் நன்மை இல்லாமல் இல்லை. முழங்கால் வலிக்கும் இளைப்புக்கும் மலைக்குளிர் ஆகாது. தேனி க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ஆனால் பென்ஷன் கணக்கையும் பார்க்க வேண்டும். சேமநல நிதி ஓய்வூதியத்தின் குறைந்த அளவு 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். முதியோருக்கான உதவித்தொகையைத் தமிழ்நாடு 2023-இல் 1,200 ஆக்கியது. கேரளம் தன் நலப் பென்ஷனை 2025 நவம்பரில் 2,000 ஆக்கியது. தகுதி விதிகள் இரு பக்கமும் வேறு வேறு. விதியைக் கேட்டுவிட்டே முகவரியை மாற்றுங்கள். ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும் அதேபோல். இரண்டு பக்கமும் பெயர் வைத்திருப்பதைச் சாமர்த்தியம் என்று நினைத்தவர்கள் 2025 கடைசியில் தீவிரத் திருத்தம் வந்தபோது எப்படி ஓடினார்கள் என்பதைக் கண்டோம். பட்டியல் சாதியினருக்கு இன்னொரு முடிச்சு உண்டு. 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்தது என்று காட்ட முடியாதவர்களின் பிள்ளைகளுக்குக் கேரளத்தில் சலுகை கிடைப்பதில்லை. அங்கே போனாலோ, இங்கே பிறந்து படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டு அலுவலகம் ஆயிரம் கேள்வி கேட்கிறது. தாத்தாவின் பழைய தோட்டத்துச் சீட்டு ஏதாவது பெட்டிக்கடியில் கிடந்தால் அதைக் கரையானுக்கு விடாதீர்கள்.

இத்தனையும் தனித்தனிக் குடும்பத்தின் சாமர்த்தியத்துக்குச் சொன்னது. சாமர்த்தியம் மட்டும் போதுமா? 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் வரிசையோடு போயின. 70 பேர். கரண்டும் போனும் அறுந்து கிடந்ததால் விடிந்த பிறகே வெளியே தெரிந்தது. போனவர்களில் பலருடைய பூர்வீகம் கயத்தாறு. அதன் பிறகு குட்டியாறு வேலியில் அரசு இடம் ஒதுக்க, நிர்வாகம் எட்டு வீடு கட்டிக் கொடுத்தது. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. அங்கேயும் பாடிகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்கள் மாண்டார்கள். கல்பற்றாவில் ஒரு தோட்டத்தையே எடுத்து, குடும்பத்துக்கு 7 சென்ட் வீதம் வீடு கட்ட 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். நல்லதுதான், வரவேற்கிறோம். அப்படியானால் நிலம் இல்லை என்று இத்தனை காலம் சொன்னது என்ன? பிணம் விழுந்த பிறகு கிடைக்கிற நிலம், உயிரோடு மாலை போட்டு அனுப்பும்போது ஏன் கிடைப்பதில்லை? 1971-இல் சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் மலைகளை அரசு எடுத்ததே, அதில் ஓய்வு பெற்றவருக்கு மூன்று சென்ட் எடுத்து வைக்க எவருக்கும் தோன்றவில்லையா?

மாஞ்சோலையைப் பார்த்தாவது நாம் விழித்துக்கொள்ள வேண்டும். 1929-இல் தொடங்கிய 99 வருஷக் குத்தகை 2028-இல் முடிகிறது என்றதும், 2024-இலேயே விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். நாலைந்து தலைமுறை இருந்த மலை! வீடு பற்றிய பேச்சு இறங்கும் நேரத்தில்தான் தொடங்கியது. அதே தமிழ்நாட்டில் டான்டீயில் ஓய்வு பெற்றவர்கள் வீடில்லாமல் நின்றபோது, அடுக்குமாடி வீட்டுக்கு அவர்கள் கட்ட வேண்டிய பங்கை அரசே ஏற்க 2022-இல் முன்வந்தது. இலங்கை மலையகத்தில் ஏழு பேர்ச் நிலத்தோடு தனி வீடு என்பது அரசின் கொள்கையாகவே ஆயிற்று. எத்தனை பேருக்கு வந்தது என்பது வேறு கதை. ஆகவே கேட்பது முறையற்ற கோரிக்கை அல்ல. லைப் மிஷனில் நிலமற்றோர் பட்டியல் இருக்கிறது. ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளியை அதில் தனி வரிசையாக, ஓய்வுக்கு இரண்டு வருஷம் முன்னதாகவே சேர்க்க வேண்டும். வீடு கைக்கு வரும் வரை லயத்தைவிட்டு இறக்கக்கூடாது. தேர்தல் நேரத்தில் லயத்துக்கு லயம் ஏறி இறங்கும் எல்லாக் கட்சியாரிடமும் இதைத்தான் கேட்கப் போகிறோம்.

அதற்குக் கணக்கு வேண்டும். 56 வயது ஆனவர்களின் பெயர், வேலையில் சேர்ந்த வருஷம், லயத்து எண், வேறு எங்காவது மனை உண்டா, பிள்ளைகளில் யாராவது தோட்டத்தில் இருக்கிறார்களா என்ற விவரங்களைக் கிளைச் செயலாளர்கள் இந்த மாதமே எழுதத் தொடங்குகிறார்கள். ஏற்கெனவே ஓய்வு பெற்றுக் கிராஜுவிட்டி நிற்கிறவர்கள் சேர்ந்த தேதிக்கான அட்டையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் எடுத்து வரவும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். ஞாயிறு காலை படிப்பகத்தில் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கும்.