கடையில் இலவச வைஃபை: தனி ‘கெஸ்ட் நெட்வொர்க்’ எதைக் காக்கும், எதைக் காக்காது?

பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு வாழை இலைக் கடை. இலை விரிப்பதற்கு முன்பே மேசையிலிருந்து கேள்வி வந்துவிடும்: "அண்ணே, வைஃபை பாஸ்வர்ட் என்ன?" கல்லாவில் இருப்பவர் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் கை காட்டுவார். கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவிலும் இதே கதைதான்.

சின்னக் கடைகளில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு இணைப்பு. பில் அடிக்கும் பிரிண்டர், கல்லாக் கணினி, சிசிடிவி பெட்டி, முதலாளியின் லேப்டாப் எல்லாம் அதில்தான். சுவரில் இருக்கும் அந்தத் தாள், இவை எல்லாவற்றுக்கும் வாசல் கதவின் சாவி மாதிரி.

இதைச் சரிசெய்ய ஒரு சுலபமான வழி உண்டு. வாடிக்கையாளருக்குத் தனியாக ஒரு ‘கெஸ்ட் நெட்வொர்க்’. ஆனால் அதை அமைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது தவறு. அது கடைக்குள் இருக்கும் சாதனங்களைக் காக்கும். சட்டத்தின் முன் கடைக்காரரைக் காக்காது.

கெஸ்ட் நெட்வொர்க் என்றால் என்ன?

ஒரே ரவுட்டர், இரண்டு வைஃபை பெயர்கள், இரண்டு பாஸ்வர்ட். ஒன்று கடைக்கு, மற்றொன்று வாடிக்கையாளருக்கு. கெஸ்ட் பக்கம் இணைபவர் இணையத்துக்குப் போகலாம். கடையின் பிரிண்டரையோ கேமராவையோ அவரால் தொட முடியாது.

வருகிறவர் எல்லாம் திருடரா என்று கேட்கலாம். இல்லை. ஆனால் வைரஸ் ஏறிய கைப்பேசியோ லேப்டாப்போ, அதன் சொந்தக்காரருக்கே தெரியாமல் பக்கத்தில் இருக்கும் சாதனங்களைத் தேடிப் பார்க்கும். வாங்கிய நாளில் இருந்த பாஸ்வர்டோடு ஓடும் சிசிடிவி பெட்டி சுலபமாக மாட்டிக்கொள்ளும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2013ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் நுழைந்தது, குளிர்சாதன வேலை செய்த ஒரு குத்தகையாளரின் கணக்கு வழியாக. அங்கிருந்து கல்லா வரை அவர்கள் நடந்து போகும்படி உள்ளே வழி திறந்து கிடந்ததுதான் பிரச்சினை.

எப்படி அமைப்பது?

1. ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். கடை வைஃபையில் இணைந்து, அதை பிரௌசரில் தட்டி உள்ளே செல்லுங்கள். முதல் வேலையாக ரவுட்டரின் அட்மின் பாஸ்வர்டை மாற்றுங்கள்.

2. ‘கெஸ்ட் நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து, வேறு பெயரும் வேறு பாஸ்வர்டும் கொடுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்வு செய்யுங்கள்.

3. கெஸ்ட்டுகள் உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதிக்கும் தேர்வு இருந்தால், அதை அணைத்துவிடுங்கள். ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற தேர்வு இருந்தால், கெஸ்ட் பக்கத்தில் அதை இயக்குங்கள். ஒரு வாடிக்கையாளரின் கைப்பேசி இன்னொருவருடையதை அணுகாமல் அது தடுக்கும்.

4. கடை வைஃபையின் பழைய பாஸ்வர்டை மாற்றுங்கள். இதை மறந்தால் செய்தது எல்லாம் வீண். பழைய தாளைப் படம் பிடித்தவர்கள் எத்தனை பேரோ! ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளையும் கெஸ்ட் பக்கமே விடுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. மேல் மாடிக்கு சிக்னல் போகவில்லை என்று தனியாக ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வாங்கிப் பொருத்தியிருப்பீர்கள். அது ‘ஏபி மோட்’டில் ஓடினால், சில மாடல்களில் கெஸ்ட் என்பது பெயருக்கு மட்டும்தான். உள்ளே போனால் எல்லாம் ஒரே நெட்வொர்க். உண்மையாகப் பிரிக்க ‘விலான்’ வசதி உள்ள சாதனங்கள் தேவைப்படும்.

சோதிப்பது சுலபம். கெஸ்ட் வைஃபையில் உங்கள் கைப்பேசியை இணையுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ரவுட்டரின் பக்கம் அல்லது சிசிடிவி பெட்டியின் உள் முகவரியைத் திறந்து பாருங்கள். திறந்தால், பிரியவில்லை என்று அர்த்தம்.

சட்டம் யாரைக் கேட்கும்?

2012ஆம் ஆண்டு கோலாலம்பூரில் இரண்டு விஷயங்கள் நடந்தன. 120 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய உணவகங்கள் வைஃபை தர வேண்டும், அது உரிம நிபந்தனையாகும் என்று அவ்வாண்டு தொடக்கத்தில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு அமலுக்கு வந்தது.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: ஒரு பதிவு எந்த இணைய இணைப்பிலிருந்து வெளியானதோ, அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டதாக அனுமானிக்கப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

ஒரு பக்கம் வைஃபை கொடு என்றார்கள். மறுபக்கம் அதில் நடப்பதற்கு நீயே பதில் சொல் என்றார்கள். 2012 ஆகஸ்ட் 14ஆம் தேதி பல இணையத்தளங்கள் தங்கள் பக்கங்களை இருட்டாக்கி எதிர்ப்புத் தெரிவித்தன. இருந்தும், பிரிவை நிலைநிறுத்த அமைச்சரவை முடிவு செய்தது.

இங்கேதான் கெஸ்ட் நெட்வொர்க்கின் எல்லை தெரிகிறது. கடைக்குள் இரண்டு நெட்வொர்க். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இணைப்பு, ஒரே சந்தாதாரர். யாரோ ஒருவர் மூன்றாம் மேசையில் உட்கார்ந்து அவதூறு எழுதினாலும், முதலில் வரும் பெயர் மாதா மாதம் பில் கட்டுபவருடையது.

பெயர், போன் எண் கேட்டு வாங்கலாமா?

யார் இணைந்தார்கள் என்ற பதிவு இருந்தால், அனுமானத்தை மறுக்க உதவும். சாதாரண ரவுட்டர்கள் இதைச் சரியாகச் சேமிப்பதில்லை. பலவற்றில், அணைத்துப் போட்டாலே அழிந்துவிடும். அதனால் சில கடைகள் போன் எண் வாங்கி ஓடிபி அனுப்பும் முறையை வைத்திருக்கின்றன.

எண்ணை வாங்கினால் பொறுப்பும் கூடவே வரும். தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தப்படி, கொள்கைகளை மீறினால் அபராதத்தின் உச்சவரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. 2025 ஜூன் 1 முதல், குறிப்பிடத்தக்க பாதிப்பு தரும் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்கவும் வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கல்லாவில் போட்டு வைக்கிற விஷயம் இல்லை இது.

அப்போது சின்னக் கடை என்ன செய்வது? இணைப்பு உறவினர் பெயரில் இருந்தால், அதைக் கடையின் பெயருக்கு மாற்றுங்கள். கெஸ்ட் பாஸ்வர்டை அடிக்கடி மாற்றுங்கள், முடிந்தால் பில்லில் அச்சிட்டுக் கொடுங்கள். கடை மூடிய பிறகு கெஸ்ட் வைஃபை தானாக அணையும்படி நேரம் வையுங்கள். ஷட்டருக்கு வெளியே, ஐந்தடியில் நின்று நள்ளிரவில் அதைப் பயன்படுத்துபவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. நீங்கள் செய்த ஏற்பாடுகளைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது கேள்வி வந்தால், வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.

தனி நெட்வொர்க் அமைக்க அரை மணி நேரம் போதும். பெரும்பாலான ரவுட்டர்களில் அதற்குத் தனிச் செலவும் இல்லை. சட்டம் விட்டுவைத்த கேள்விக்கு மட்டும், 2012 முதல் இன்றுவரை, பதில் சொல்ல வேண்டியவர் பில் கட்டுபவர்தான்.