"ஒன்னுமில்லம்மா" என்பது சிகிச்சை அல்ல

எங்கள் காலனியில் ஒரு அக்கா, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். இரண்டு வருடமாக நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்கு முறை போனார். இசிஜி நார்மல். "ஒன்னுமில்லம்மா" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு மருந்துக்கடையில் யாரோ தூக்க மாத்திரை கொடுத்தார்கள். இப்போது அது இல்லாமல் அவரால் தூங்க முடியவில்லை.

அக்காவுக்கு இருப்பது பதற்ற நோயாக இருக்கலாம். அதைக் கேட்டறியக்கூட யாரும் இல்லை என்பதுதான் நம் பிரச்சினை.

நம் மக்கள் "எனக்கு மனப்பதற்றம்" என்று சொல்ல மாட்டார்கள். "நெஞ்சு அடைக்குது", "தலை சுத்துது" என்பார்கள். நீண்ட வரிசைக்கு நடுவே டாக்டரும் உடம்பை மட்டுமே பார்க்கிறார்.

வழி இல்லாமல் இல்லை. ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் படிவம் 2006 முதல் இருக்கிறது. ஐந்து நிமிடம் போதும். 10 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். தைராய்டு, ரத்தசோகையையும் பார்க்க வேண்டும். பிறகு பேச்சு வழிச் சிகிச்சை, தேவையானால் முறையான மருந்து, தொடர் கண்காணிப்பு. மனநல மருத்துவர் எல்லா ஊரிலும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நல்ல பலன் தர முடியும் என்று கோவாவில் நடந்த ஆய்வு 2010லேயே காட்டியது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். மனதைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டால் என்ன?

"சாதிக் கொடுமைக்கு மாத்திரையா தீர்வு?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். இல்லை. சம்பள பாக்கியும் அவமானமும் மாத்திரையில் தீராது. போராடித்தான் தீர்க்க வேண்டும். ஆனால் தூங்காத உடம்போடு எத்தனை நாள் போராடுவது? காயம் பட்டவருக்குக் கட்டும் போட வேண்டும், அடித்தவன் மேல் வழக்கும் போட வேண்டும்.

இது சலுகை அல்ல. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் மனநலச் சேவை பெறுவதை உரிமை என்கிறது. அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நம் சுகாதார நிலையத்தில் பதற்ற நோய்க்குப் பரிசோதனை உண்டா? ஆலோசகர் எந்த நாளில் வருகிறார்? பதிலைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். அதுவரை 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதுங்கள்.

ஜெய் பீம்.