"அச்சு அசலா டிஎம்எஸ் மாதிரியே!" – இந்தப் பாராட்டைக் கொஞ்சம் நிறுத்துவோமா?

ஓம் சரவணபவ.

இன்னிக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு நிதானமா படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் பாடகன் இல்லை. வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பாய் விரிக்கிறது, மைக் வைக்கிறது, பாட்டுப் புத்தகம் கொடுக்கிறது, முடிஞ்சதும் சுண்டல் பங்கிடுறது. பதினாலு வருஷமா இதுதான் என் தொண்டு. ஆனா மைக் பக்கத்துலயே நிக்கிறதால ஒரு விஷயம் எனக்கு நல்லா புரிஞ்சிருக்கு. ஒரு பிள்ளை பாடி முடிச்சதும் நாம என்ன சொல்றோமோ, அதுதான் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை எப்படிப் பாடணும்னு முடிவு பண்ணுது.

இதை நான் ஒரு தப்பு பண்ணித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு தம்பி முதல் தடவையா மைக் முன்னால உட்கார்ந்தான். அப்போ ஐந்தாம் படிவம். பேர் வேண்டாம். டிஎம்எஸ் ஐயா பாடின முருகன் பாட்டு ஒன்னு, நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். அந்தப் பையனுக்கு மெதுவான குரல், கொஞ்சம் கீழ் சுருதி. அவசரப்படாம, கண்ணை மூடிக்கிட்டு, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசுற மாதிரி பாடினான். மண்டபத்துல சத்தமே இல்லை.

முடிஞ்சதும் சுண்டல் கொடுக்கும்போது நான் சொன்னேன்: "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா டிஎம்எஸ் மாதிரி வரலையே. யூடியூப்ல போட்டுக் கேட்டு அப்படியே பழகிட்டு வா."

பழகிட்டு வந்தான். மூணு வாரம் கழிச்சு, கரோக்கே டிராக் போட்டு, அதே சுருதியில, அதே கம்பீரத்துல பாடப் பார்த்தான். மேல போற இடத்துல கழுத்து நரம்பு புடைச்சது. குரல் உடைஞ்சது. முன்வரிசைப் பசங்க சிரிச்சிட்டாங்க. அதோட சரி.

அவன் இன்னும் கோவிலுக்கு வர்றான். அன்னதானத்துல தட்டு எடுக்கிறான், கார் நிறுத்த இடம் காட்டுறான். பாடக் கூப்பிட்டா மட்டும், "வேணாம்ணே, எனக்கு அந்தக் குரல் இல்லை"ங்கிறான்.

எந்தக் குரல் இல்லை? முருகன் அவனுக்குக் கொடுத்த குரல் அவன்கிட்ட இருக்கு. நான்தான் வேற ஒருத்தர் குரலைக் கேட்டேன்.

அப்படின்னா பெரியவங்களைப் பார்த்துப் பாடுறதே தப்பான்னு கேட்காதீங்க. அப்படிச் சொல்லவே மாட்டேன். பார்த்துப் பாடாம யாரும் பாட்டு கத்துக்க முடியாது. தேவராய சுவாமிகள் இயற்றிய கந்த சஷ்டி கவசத்தை இன்னிக்கு எந்த ஊர்க் கோவிலுக்குப் போனாலும் சூலமங்கலம் சகோதரிகள் பாடின மெட்டுலதான் சொல்றோம். அவங்க இசைத்தட்டு இல்லைன்னா நம்மில் பாதிப் பேருக்குக் கவசமே மனசுல நின்னிருக்காது. அந்த மெட்டு நம்ம எல்லாருக்கும் பொதுச் சொத்தாயிடுச்சு.

டிஎம்எஸ் ஐயாவே எங்கே தொடங்கினார் தெரியுமா? மதுரையில வளர்ந்த அவருக்கு எம்.கே. தியாகராஜ பாகவதர்னா உயிர். அவர் முதன்முதலா சினிமாவுக்குப் பாடின 'கிருஷ்ண விஜயம்' 1950-இல் வெளிவந்தது. அதுல கேட்கிறது பாகவதர் பாணிதான். ஆனா அவர் அங்கேயே நின்னுடலை. 1954-இல் 'தூக்குத் தூக்கி' வந்தது. சிவாஜி வாயசைக்கப் போறார்னு தெரிஞ்சு, அவர் குரலுக்குப் பொருந்துற மாதிரி பாடினார். அதுக்கப்புறம் எம்ஜிஆருக்கு ஒரு மாதிரி, சிவாஜிக்கு ஒரு மாதிரி பாடினதை நாம எல்லாருமே கேட்டிருக்கோம். "யாரைப் போல பாடுறேன்" என்ற கேள்வியை விட்டுட்டு, "யாருக்காகப் பாடுறேன்" என்ற கேள்விக்கு வந்தார். டிஎம்எஸ் அப்பதான் டிஎம்எஸ் ஆனார். நாம அவரைக் காப்பி அடிக்கிறதுன்னா, இந்த இடத்தைத்தான் முதல்ல காப்பி அடிக்கணும்.

இன்னொன்னு யோசிங்க. அதே காலத்துலதான் சீர்காழி கோவிந்தராஜன் ஐயாவும் முருகன் பாட்டு பாடினார். மணி அடிச்ச மாதிரி குரல். வானொலியில ரெண்டு வரி கேட்டாலே இது டிஎம்எஸ், இது சீர்காழின்னு நம்ம பாட்டிமார்கூட சொல்லிடுவாங்க. சீர்காழி ஐயாகிட்ட அன்னிக்கு யாராவது "டிஎம்எஸ் மாதிரி வரலையே"ன்னு சொல்லி, அவரும் கேட்டுட்டிருந்தா? நமக்கு ஒரு குரல் குறைஞ்சிருக்கும்.

கர்நாடக சங்கீதத்துல ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஜி.என். பாலசுப்பிரமணியம் வாய்ப்பாட்டுக்காரர். அவர் மனசைப் பறிகொடுத்தது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட நாதஸ்வரத்துக்கு. நாதஸ்வரத்தைத் தொண்டையால அப்படியே வாசிக்க முடியுமா? முடியாது. அதனால அந்த வேகத்தையும் ஓட்டத்தையும் உள்ளே வாங்கி, தன் தொண்டைக்கு ஏத்த மாதிரி மாத்த வேண்டியதாச்சு. அதுல பிறந்ததுதான் ஜிஎன்பி பாணி. தாக்கம்னா இதுதான். சோறு சாப்பிட்டா அது ரத்தமாகணும். தட்டைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா பசி தீராது.

கே.பி. சுந்தராம்பாள் அம்மாவைப் போல பாடணும்னு ஆசைப்படும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த அம்மா சின்ன வயசுலயே நாடக மேடைக்கு வந்தவங்க. மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேட்கணும்னா உச்சத்துலதான் பாடியாகணும். அந்தக் குரல் அந்தத் தேவையில பழுத்தது. நம்ம மண்டபத்துல நாலு ஸ்பீக்கர் இருக்கு. அவங்ககிட்டேருந்து எடுத்துக்க வேண்டியது கத்துறதை இல்லை. ஒவ்வொரு சொல்லையும் உடையாம, தெளிவா கடைசி ஆள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாங்களே, அந்த அக்கறையைத்தான்.

உறுமி மேளத் தம்பிகளுக்கும் இதே கதைதான். பிரபலமான குழுவோட வீடியோவைப் பார்த்து அதே அடி, அதே வேகம். கத்துக்க அது நல்ல வழி. ஆனா தைப்பூசத்துல உங்க முன்னால காவடி தூக்கி ஆடுறவர் வீடியோவுல இருக்கிறவர் இல்லை. வெயில்ல நடந்து களைச்சு, பத்துமலையில இன்னும் 272 படி ஏற வேண்டியவர். அவர் காலைப் பார்த்து அடிங்க. வேகத்தை எப்போ கூட்டணும், எப்போ குறைக்கணும்னு அந்தக் கால் சொல்லும்.

சில பெரியவங்க என்கிட்ட கேட்பாங்க: "தெரிஞ்ச மாதிரி பாடினாத்தானே எல்லாரும் சேர்ந்து பாட முடியும்? ஆளாளுக்கு இஷ்டப்படி பாடினா பஜனை என்ன ஆகும்?" நியாயமான கேள்வி. தேவாரத்துக்குப் பண் இருக்கு, திருப்புகழுக்குச் சந்தம் இருக்கு. அதை யாரும் இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது. நான் மெட்டை மாத்தச் சொல்லலை. மெட்டு எல்லாருக்கும் பொது. குரல் அவங்கவங்களுக்கு முருகன் கொடுத்தது. மெட்டைக் காப்பாத்துவோம், குரலை விட்டுடுவோம்.

இதுக்கு அருணகிரிநாதரே வழி காட்டியிருக்கார். சீர்காழியில அவதரிச்ச ஞானசம்பந்தர் மாதிரி தானும் அமுதமா பாட அருள் வேணும்னு திருப்புகழ்ல முருகன்கிட்ட கேட்கிறார். "அவர் மாதிரி"ன்னு கேட்க அவர் வெட்கப்படலை. ஆனா முருகன் கொடுத்தது என்ன? இன்னொரு தேவாரத்தை இல்லை. திருப்புகழைக் கொடுத்தான். இதைவிட என்ன விளக்கம் வேணும்?

அதனால பஜனைக்கு வர்ற எல்லாருக்கும் ஒரு தொண்டனோட தாழ்மையான வேண்டுகோள்:

1. பாட ஆரம்பிக்கும் முன்னால ஆர்மோனியம் வாசிக்கிறவங்ககிட்ட உங்க சுருதியைக் கண்டுபிடிச்சுக்குங்க. ஒரு கட்டை இறக்கிப் பாடுறதுல ஒரு குறையும் இல்லை. கரோக்கே டிராக்கா இருந்தாலும் போன்லயே சுருதியை இறக்கலாம்.

2. பிடிச்ச பாடகரைக் கேளுங்க, நல்லா கேளுங்க. ஆனா ஒருத்தரோட நிறுத்தாதீங்க. அவர் யாரைக் கேட்டு வளர்ந்தார்னு தேடி அவரையும் கேளுங்க.

3. பாட்டோட பொருள் புரியலைன்னா நம்ம ஓதுவார் ஐயாகிட்ட கேளுங்க. எங்க மூச்சு விடணும், எங்க சொல்லைப் பிரிக்கணும்னு பொருள் தெரிஞ்சாத்தான் வரும். டிராக் அதைச் சொல்லித் தராது.

4. கேட்கிறவங்களுக்கு: "குட்டி டிஎம்எஸ்", "சின்ன எல்.ஆர். ஈஸ்வரி"ன்னு பட்டம் கொடுக்காதீங்க. "இந்த வரி மனசைத் தொட்டுச்சு"ன்னு சொல்லுங்க. போதும்.

கடைசியா, அந்தத் தம்பிக்கு. நீ இதைப் படிப்பேன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சுண்டல் கொடுக்கிற நேரத்துல யோசிக்காம சொல்லிட்டேன், நீ அதை ரெண்டு வருஷமா சுமந்துக்கிட்டு இருக்கே. அண்ணனை மன்னிச்சிடு. அன்னிக்கு நீ முதல் தடவை பாடினப்ப மண்டபமே அமைதியா இருந்துச்சே, டிஎம்எஸ் மாதிரி இல்லைன்னு அல்ல தம்பி, எல்லாரும் உன்னைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்குத்தான் அப்போ அது புரியலை.

வர்ற வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் பஜனை. ஆர்மோனியம் அக்காகிட்ட பேசிட்டேன், உன் சுருதிக்கு வாசிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. பாடினாலும் சரி, பாடாம தட்டு எடுத்தாலும் சரி, உன் இஷ்டம். மைக்கை உன் உயரத்துக்கு இறக்கி வச்சிருப்பேன்.

தவறா ஏதும் எழுதியிருந்தா பெரியவங்க மன்னிக்கணும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!